வேணாம்னு தூக்கின சிஸ்டம்

ரிட்டயர் ஆயி வூட்ல உக்காந்தாலும் நான் வேல பாத்த கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையோட வாட்ஸ்அப் குரூப்புலேருந்து என்னைய யாரும் எடுக்கல. நானும் வெளிய வரல. போன வாரம் அதுல ஒரு புள்ள போட்டிருந்தா: "அக்கா, கஸ்டமர் வூட்டு கம்ப்யூட்டர்ல லினக்ஸ் வேணாம்னாங்க. அது இருந்த பார்ட்டிஷன டெலீட் பண்ணிட்டேன். இப்ப விண்டோஸும் வரல. ஃபார்மட் அடிச்சிடவா?"

படிச்சதும் எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. அடிச்சிடவாம்ல! பாம்பா அது, அடிக்கிறதுக்கு? "கைய எடு. மெஷின அணைச்சிட்டு அவுங்க குடுக்கற டீய குடி, நான் கூப்புடறேன்"னு பதில் போட்டேன். அப்புறம் போன்லயே சொல்லிக் குடுத்து வேல முடிஞ்சுது. முடிஞ்சப்புறம் அவ சும்மா இருந்தாளா? "அக்கா, இதெல்லாம் எழுதிப் போடுங்கக்கா"ன்னு ஒரே நச்சரிப்பு. மத்ததுங்களும் சேந்துக்கிச்சுங்க. சரி, எழுதறேன். நீளமா இருக்குன்னு எவளாவது சொன்னா அவ போன நான் இனிமே எடுக்க மாட்டேன்.

எனக்குக் குறிஞ்சிப்பாடி பக்கம். அப்பாவுக்கு மல்லாட்டை, அதான் நெலக்கடல, அதுவும் முந்திரியும் வெவசாயம். நான் டைப்ரைட்டிங் கத்துக்கப் போன எடத்துல டைப்ரைட்டரெல்லாம் போயி கம்ப்யூட்டர் வந்துச்சு, நானும் கூடவே மாறிட்டேன். அதுக்கு மேல ஒரு டிப்ளமா, கடலூர்ல ஒரு சர்வீஸ் கடையில வேல. "பொம்பளப் புள்ளைக்கு ஸ்குரூ டிரைவர் எதுக்கு"ன்னு சொந்தக்காரங்க கேட்டாங்க. அவுங்க வூட்டு கம்ப்யூட்டர் மக்கர் பண்ணப்ப என்னையத்தான் கூப்புட்டாங்க, அது வேற கதை.

கடை ஓனர் பரமசிவம் சார். இஸ்திரி மடிப்புக் கலையாத அரைக்கை சட்ட, மெதுவான பேச்சு. கஸ்டமர் வூட்டுக்குள்ள நொழைஞ்சதும் ரெண்டு கையயும் முதுகுக்குப் பின்னால கோத்துக்குவாரு. கீபோர்டு கிட்டயே போவ மாட்டாரு. "நீங்க எப்பவும் போல போடுங்க"ன்னு அந்த வூட்டு ஆளையே மெஷின போட வச்சி, நின்னு பாத்துக்கிட்டே இருப்பாரு. கூடப் போன நாங்க பொறுக்க முடியாம கைய நீட்டினா லேசா ஒரு கனைப்பு கனைப்பாரு. அந்தக் கனைப்புக்கு நான் பயந்த மாதிரி எங்கப்பா திட்டுக்குக்கூட பயந்ததில்ல.

இன்னொண்ணும் சொல்லுவாரு. "என்ன பண்ணீங்கன்னு கேக்காத. கேட்டா ஒண்ணும் பண்ணலன்னுதான் சொல்லுவாங்க. கடைசியா எப்ப நல்லா இருந்துச்சுன்னு கேளு, அவுங்களே எல்லாத்தயும் சொல்லிடுவாங்க." மொதல்ல எனக்கு இது வெட்டிப் பேச்சாத்தான் பட்டுச்சு. போவப்போவத்தான் புரிஞ்சுது, பாதி ரிப்பேர் அந்தக் கேள்வியிலயே முடிஞ்சிடும்னு.

இந்த ரெண்டாவது சிஸ்டம் சமாச்சாரத்த தெரியாதவுங்களுக்குச் சொல்லிடறேன். ஒரு கம்ப்யூட்டர்ல விண்டோஸ் இருக்கும். காலேஜ் படிக்கிற புள்ள யாராவது ஆசப்பட்டு, டிஸ்க்குல பார்ட்டிஷன்னு ஒரு தடுப்புப் போட்டு லினக்ஸையும் பக்கத்துல வச்சிருக்கும். ஒரு வூட்ல ரெண்டு குடித்தனம். மெஷின போட்டதும் கறுப்புத் திரையில ஒரு லிஸ்ட் வந்து எந்தக் குடித்தனத்துக்குப் போவணும்னு கேக்கும். அந்த லிஸ்ட்ட காட்டறது ரெண்டாவதா குடி வந்தவன். வாசக்கதவு அவன் கையில இருக்கு. அவன காலி பண்ணணும்னா மொதல்ல கதவ நம்ம கைக்கு வாங்கணும், அப்புறந்தான் அவன் சாமானத் தூக்கணும். அவசரப்பட்டு சாமானத் தூக்கிட்டா வூட்டுக்காரனே தெருவுல நிக்க வேண்டியதுதான். குரூப்புல அந்தப் புள்ள பண்ணது இதுதான்.

அதுக்கு முன்னால, தூக்கணுமான்னே ஒரு கேள்வி இருக்கு. சிதம்பரம் கீழ வீதிப் பக்கம் ஒரு வூடு. ரிட்டயர் ஆன பேங்க்காரர் ஒருத்தர், அந்த லினக்ஸ் எனக்குப் பிடிக்கல, தூக்குங்கன்னாரு. பரமசிவம் சார் கையக் கட்டிக்கிட்டு, "தினமும் யாரு சார் போடறது?"ன்னாரு. "என் ஒய்ஃப்தான்." அந்தம்மாவ போடச் சொன்னா, லிஸ்ட் வந்ததும் நேரா லினக்ஸுக்குப் போயி மடமடன்னு பாட்டு, சமையல் வீடியோன்னு எல்லாத்தயும் தெறந்துட்டாங்க. "அவரோடது தெறக்கறதுக்குள்ள சோறு வெந்துடும் சார், இதுதான் சட்டுனு வருது." "இத தூக்கினா உங்கள தூக்கிடுவாங்க போலிருக்கே சார்"னு பரமசிவம் சார் சொல்ல, அந்தம்மாதான் அதிகமா சிரிச்சாங்க. காபி குடிச்சிட்டு வந்துட்டோம்.

அப்புறம் கடைக்குச் சிதம்பரத்துல கிளை போட்டப்ப என்னைய அங்க அனுப்பினாரு. அங்கேருந்து பரங்கிப்பேட்டைக்கு நெறய கால் வரும். அந்த ஊர்ல வூட்டுக்கு ஒருத்தராவது சபுர்ல இருப்பாங்க, வெளிநாட்டுப் பொழப்ப அங்க அப்புடித்தான் சொல்லுவாங்க. வூட்ல பொம்பளைங்க மட்டும் இருக்கறப்ப முன்ன பின்ன தெரியாத ஆம்பளைய எப்புடி உள்ள விடறது? "லேடி வருவாங்களா?"ன்னு கேப்பாங்க. லேடி நான் ஒருத்திதான். அதனால அந்த ஊரு மெஷினெல்லாம் எனக்கு அத்துப்படி.

அங்கதான் ஆயிஷாவப் பாத்தேன். நான் ரிட்டயர் ஆவறதுக்குக் கொஞ்சம் முன்னாடி நடந்தது இது.

கதவத் தெறந்தது அந்தப் புள்ளயோட உம்மா. "வாங்கம்மா, காலைலேருந்து அது பச்சத் தண்ணி குடிக்கல"ன்னு சொல்லிக்கிட்டே உள்ள கூட்டிட்டுப் போனாங்க. உள்ரூம்ல ஒரு பக்கம் எம்பிராய்டரி மெஷினு, சரிகக் கண்டுங்க, பாதி தச்ச துப்பட்டா ஒண்ணு சட்டத்துல மாட்டினபடி. இன்னொரு பக்கம் லேப்டாப். அதுல நீலத் திரை. டிஸ்க் பூட்டியிருக்கு, ரெக்கவரி சாவி நம்பரப் போடுன்னு கேட்டுக்கிட்டு நிக்குது. ஆயிஷாவுக்கு மொகமெல்லாம் வீங்கியிருந்துச்சு.

"அக்கா, நான் ஒண்ணுமே பண்ணலக்கா. அதுவா இப்புடி ஆயிடுச்சு."

"சரி கண்ணு. கடைசியா எப்ப நல்லா இருந்துச்சு?"

மூக்கத் தொடச்சிக்கிட்டா. அப்புறம் கொட்டிடுச்சு. பி.காம் முடிச்சப்ப ஜித்தாவுல இருந்த தாய்மாமன் ஜமால் பாய் இந்த லேப்டாப்ப வாங்கியாந்து குடுத்திருக்காரு. தம்பி படிக்கிறப்ப அதுல லினக்ஸ போட்டான். இப்ப தோஹாவுல வேல பாக்கறான். ஆயிஷா ஊர்ப் பொண்ணுங்க கல்யாணத் துணிக்கு எம்பிராய்டரி டிசைன் போட ஆரம்பிச்சு நல்லா புடிச்சுக்கிச்சு. படத்த கம்ப்யூட்டர்ல தையல் தையலா மாத்தணும், பஞ்சிங்னு சொல்லுவாங்க. ஒரு கழுத்துப்பட்டிக்கே கண்ணு பூத்துப்போவும். அந்த சாஃப்ட்வேர் விண்டோஸ்ல மட்டுந்தான் ஓடும். டிஸ்க்ல எடம் நெறஞ்சு போயி புது டிசைன் சேவ் ஆவல. தம்பியோட லினக்ஸ் பாதி டிஸ்க்க அடைச்சிக்கிட்டு சும்மா கெடக்கு. தூக்கிடலாமேன்னு யூட்யூப்ல பாத்திருக்கா.

"வீடியோல சொன்ன மாதிரிதான்க்கா டெலீட் பண்ணேன். ரீஸ்டார்ட் பண்ணா கறுப்பா நின்னுடுச்சு. இன்னொரு வீடியோ பாத்து, மெஷின் எழும்பறப்பவே வர்ற செட்டிங்ஸ்ல போயி, லிஸ்ட்டுக்கு முன்னால விண்டோஸ மொதல்ல வச்சேன். அப்பத்துலேருந்து இந்த நம்பர கேக்குது. எந்த நம்பர்னே எனக்குத் தெரியாதுக்கா."

வீடியோக்காரன் சொன்னதுல ஒண்ணும் தப்பில்ல. அவன் மெஷின்ல பூட்டு இல்ல, அவ்ளோதான்.

தோஹாவுக்குப் போன் போட்டோம். தம்பி பதறிட்டான், லாத்தான்னுதான் அக்காவ கூப்புடறான். "நான்தான் லாத்தா லாக் போட்டேன். லேப்டாப் களவு போனா உன் டிசைன யாரும் எடுக்கக்கூடாதேன்னு போட்டேன். சாவிய எங்க வைக்கட்டும்னு கேட்டுச்சு, அக்கவுண்ட்ல வைன்னு குடுத்துட்டேன்."

"யாரு அக்கவுண்ட்டுடா?"

"அதுல இருந்த அக்கவுண்ட்டுதான். மாமாவோடது."

இப்ப ஊரோடயே இருக்கற ஜமால் பாயி சேதி தெரிஞ்சு அதுக்குள்ள வந்துட்டாரு. அவுரு மெயிலு ஞாபகம் இருக்கு, பாஸ்வேர்டும் இருக்கு. ஆனா உள்ள போவணும்னா போனுக்கு ஓடிபி நம்பர் வரும். அது போறது ஜித்தா நம்பருக்கு.

"அந்த சிம்மு எங்க பாய்?"

"வேலய விட்டு ஃபைனல் எக்ஸிட் அடிச்சிட்டு ஒரேயடியா ஊருக்கு வந்துட்டேன்லம்மா. இனிமே அந்தப் பக்கமே தலவச்சிப் படுக்கக்கூடாதுன்னு ஏர்போர்ட்லயே கழட்டிப் போட்டுட்டேன். அந்த நம்பரு இந்நேரம் வேற எவன் கையில இருக்கோ"ன்னு தலையில கைய வச்சிக்கிட்டாரு.

அந்த ஊர்ல நான் பாத்த பாதி மெஷினுங்க இப்புடித்தான். வாங்கின கடையிலயே அங்க உள்ள மெயிலு, அங்க உள்ள நம்பரப் போட்டு உயிர் குடுத்துக் கொண்டாந்துடுவாங்க. பொருளு இங்க பொழங்கும், பேரு அங்க இருக்கும். அந்த ஆளு ஊரு வந்து சேந்ததும் நம்பரு செத்துப் போயிடும். ஒரு நாள் சாவி கேக்கறப்பதான் ஞாபகமே வரும். அக்கவுண்ட்ட மீட்க எழுதிப் போட்டுப் பாக்கலாம், ஆனா கெடைக்கும்னு யாராலயும் உறுதி சொல்ல முடியாது.

நான் ஒளிக்காம சொல்லிட்டேன். "சாவி இல்லன்னா இந்தப் பூட்ட ஒடைக்க யாராலயும் முடியாது. ஒடைக்க முடியாதுன்னுதான் அத போடறதே. டிசைனுக்கு வேற எங்கயாவது காப்பி வச்சிருக்கியா?"

இல்லன்னு தலையாட்டினா. நான் ஏன் வச்சிக்கலன்னு கேக்கல. கேட்டு என்ன ஆவப் போவுது?

உம்மா பெருமூச்சு விட்டாங்க. "போனாப் போவுது, விடு. இதோட இந்தத் தைய மெஷின ஏறக்கட்டு. நல்ல எடமா வருது, நிக்காஹ் பேச்ச எடுக்கலாம்னு நானும் எத்தன நாளா சொல்றேன்." கோவத்துல சொல்லல, பாவம், பொண்ணு அழுவறதப் பாக்க முடியாம சொன்னாங்க. ஆயிஷா வெடுக்குன்னு நிமுந்தா.

"எல்லாத்தயும் மொதல்லேருந்து போட எனக்குத் தெம்பு இல்லக்கா. ஊர்ல எந்தப் பொண்ணுக்கு என்ன பூ போட்டேன், என்ன கொடி போட்டேன், எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. அது இல்லன்னா என்கிட்ட யாரு வருவா? உம்மா சொல்ற மாதிரி சும்மா உக்கார வேண்டியதுதான்."

எனக்குக் கோவம் வந்துச்சு. யாரு மேலன்னு கேக்காதீங்க, பொதுவா வந்துச்சு. "எழுந்து போயி மொகத்தக் கழுவிக்கிட்டு எதையாவது சாப்புடு. இன்னும் நான் மெஷினத் தொடவே இல்ல"ன்னு அதட்டினேன். அவ போனதும் முதுகுக்குப் பின்னால கையக் கோத்துக்கிட்டு அந்த நீலத் திரையையே பாத்துக்கிட்டு நின்னேன். ஜமால் பாயி என்னைய ஒரு மாதிரியாப் பாத்தாரு. இந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியலன்னு நெனச்சிருப்பாரு. நெனச்சிட்டுப் போறாரு.

கடைசியா நல்லா இருந்தது எப்ப? நேத்து. நேத்து இந்தப் பூட்டு சாவி கேட்டுச்சா? கேக்கல. இத்தன நாளா ஒரு நாளாவது கேட்டுச்சா? கேக்கவே இல்ல. அப்ப பூட்டு கெடல. ஏதோ ஒண்ணப் பாத்து தெனம் தானா தெறந்திருக்கு, இன்னைக்கு அத காணும்.

ஆயிஷா இட்லி தின்ன கையோட வந்தா. "நீ தெனம் எப்புடி கண்ணு போடுவ? ஒண்ணு விடாம சொல்லு."

"சுவிட்ச போடுவேன். கறுப்பா லிஸ்ட் வரும். பிஸ்மில்லா சொல்லி கீழ் அம்பத் தட்டி விண்டோஸுக்கு வந்து என்ட்டர் அடிப்பேன். அவ்ளோதான்க்கா."

"லிஸ்ட் இல்லாம நேரா விண்டோஸுக்குப் போனதே இல்லயா?"

"தம்பி போட்டதுலேருந்து இல்லக்கா."

அப்பதான் பிடி கெடச்சுது. தம்பி மொதல்ல லினக்ஸ போட்டிருக்கான், அப்புறந்தான் பூட்டு போட்டிருக்கான். பூட்டுக்கு நம்ம மொகம் தெரியாது, எந்த வழியா வர்றோம்ங்கறதுதான் தெரியும். அது பொறந்த நாள்லேருந்து அதுக்குத் தெரிஞ்ச வழி ஒண்ணே ஒண்ணு: லினக்ஸோட லிஸ்ட், அதுக்கப்புறம் விண்டோஸ். இன்னைக்கு லிஸ்ட்ட தள்ளிட்டு நேரா போயி நிக்கறோம். திருடன் வந்துட்டான்னு அது சாவி கேக்குது. அது வேலய அது ஒழுங்காத்தான் பாக்குது.

"ஆயிஷா, நீ வேணாம்னு தூக்கினியே, அது இல்லாம உள்ள போவ முடியாது. அதையே திரும்ப கூப்புடணும்"னேன்.

"அதத்தான் டெலீட் பண்ணிட்டேனேக்கா!"

"லினக்ஸத்தான் பண்ணியிருக்க. லிஸ்ட் காட்டற சின்னப் புரோகிராம் வேற ஒரு குட்டிப் பார்ட்டிஷன்ல இருக்கும். அந்தப் பக்கம் நீ போயிருக்க மாட்ட."

"இப்ப தெறந்துடுமாம்மா?"ன்னாரு ஜமால் பாயி.

"தெரியாது பாய். தெறந்தா நல்லது. தெறக்கலன்னா இப்ப இருக்கறத விட மோசமா ஆவாது." அது உண்ம.

செட்டிங்ஸ்க்குள்ள போயி, ஆயிஷா மாத்தி வச்ச வரிசைய பழையபடி திருப்பி வச்சேன். இந்த எடத்துல புள்ளைங்க கவனிக்கணும். அந்த ஒரு தடவைக்கு மட்டும் வேற வழியா போறதுக்கு கீபோர்டுல ஒரு பட்டன் இருக்குல்ல, அதத் தட்டாதீங்க. நேத்து எப்புடி இருந்துச்சோ அச்சு அசலா அப்புடியே வைங்க. வேற எதையும் நோண்டாதீங்க.

மெஷின போட்டேன். கறுப்புத் திரை. லிஸ்ட் வரல, அதுல காட்ட வேண்டியதெல்லாம் லினக்ஸோட போயிடுச்சு. ஆனா மூலையில கர்சர் மினுக்கிக்கிட்டு, என்ன வேணும் சொல்லுன்னு நின்னுச்சு. அதப் பாத்ததும் எனக்குத் தெம்பு வந்துடுச்சு. லிஸ்ட் காட்டறவன் உயிரோட இருக்கான், வரிசைதான் மறந்துட்டான். நம்மளே சொல்லிட்டாப் போச்சு. விண்டோஸ் எந்த எடத்துல இருக்குன்னு தேடிக் கண்டுபுடிச்சு, அத எழுப்புன்னு கையால டைப் பண்ணேன். மொத வாட்டி, அப்புடி ஒண்ணும் இல்லன்னுடுச்சு. ஒரு சாய்கோட்ட இந்தப் பக்கம் சாய்க்கறதுக்குப் பதிலா அந்தப் பக்கம் சாய்ச்சிட்டேன். திரும்ப அடிச்சு ஆயிஷாவ ஒவ்வொரு எழுத்தா படிக்கச் சொல்லி சரி பாத்துக்கிட்டேன்.

"என்ட்டர நீ அடி"ன்னேன்.

"நானாக்கா?"

"தெனம் நீதானே அடிப்ப?"

பிஸ்மில்லா சொல்லி அடிச்சா. திரை அணைஞ்சுது. விண்டோஸ் படம் வந்துச்சு. கீழ புள்ளி புள்ளியா சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. ஆயிஷா கண்ண மூடிக்கிட்டா. அவ உம்மாதான் மொதல்ல பாத்தாங்க. "ஏ புள்ள, தெறந்துடுச்சு புள்ள!"

நீலத் திரை வரல. நேரா உள்ள போயிடுச்சு. ஜமால் பாயி "அல்ஹம்துலில்லாஹ்"ன்னு சேர்ல சாஞ்சிட்டாரு. ஆயிஷா யாரையும் பாக்கல, நேரா ஃபோல்டர தெறந்து ஒவ்வொரு டிசைனா தட்டித் தட்டிப் பாக்கறா. மாம்பிஞ்சு, கொடி, மயில் கழுத்து, எல்லாம் வருது. "இது ஃபாத்திமாவோடது. இது கடத்தெரு அக்காவோடது. இது சட்டத்துல பாதியில நிக்குதே, அந்தத் துப்பட்டாவோடதுக்கா"ன்னு அழுதுகிட்டே சிரிக்கறா. எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு. உம்மா பொண்ணு தலைய தடவிக்கிட்டே, "இவ்ளோ போட்டிருக்கியாடி நீ?"ன்னாங்க. அன்னிக்குத்தான் மொத்தமா பாக்கறாங்க போல.

ஆனந்தக் கண்ணீரெல்லாம் அப்புறம். மொதல்ல எல்லாத்தயும் வெளி ஹார்டு டிஸ்க்ல காப்பி எடுத்தேன். அப்புறம் உள்ளேருந்தே சாவி நம்பர எடுத்து வச்சிட்டு, பூட்ட தற்காலிகமா நிறுத்தினேன். அதுக்கப்புறந்தான் விண்டோஸ மொத எடத்துக்குக் கொண்டாந்து, லிஸ்ட் காட்டறவன அந்தக் குட்டிப் பார்ட்டிஷன்லேருந்து தொடச்சு, லினக்ஸ் இருந்த காலி எடத்த விண்டோஸோட சேத்தேன். பூட்டத் திரும்பப் போட்டேன். இனிமே அதுக்குத் தெரிஞ்ச வழி நேர் வழிதான். வரிசை இதுதான் புள்ளைங்களா, இத மாத்திடாதீங்க.

சாவிய எந்த அக்கவுண்ட்ல வைக்கறதுங்கற கேள்வி வந்துச்சு.

ஜமால் பாயி போன எடுத்தாரு. "என் புது நம்பரு இருக்கும்மா, உள்ளூரு நம்பருதான். புதுசா ஒரு மெயிலு போட்டு அதுல வச்சிடுங்க. இனிமே நான் எங்கயும் போவல."

கீபோர்ட ஆயிஷா பக்கம் தள்ளி வச்சேன்.

அவ அத கிட்ட இழுத்துக்கிட்டா. அப்புறம், "வேணாம் மாமா. என் பேர்லயே போட்டுக்கறேன், என் நம்பரையே குடுக்கறேன்"ன்னா. மாமா மொகத்தப் பாத்துத்தான் சொன்னா.

உம்மா அண்ணன் மொகத்தப் பாக்கறாங்க, அண்ணன் லேப்டாப்பப் பாக்கறாரு. வாங்கிக் குடுத்த மனுஷன் அவுரு. கோச்சிக்கிட்டா என்ன பண்றதுன்னு நானே யோசிச்சிட்டேன்.

அவுரு போன ஜோப்புக்குள்ள போட்டுக்கிட்டாரு. "சரி புள்ள. வேல செய்யறது நீ, உன் பேருதான் இருக்கணும். நான் யாரு நடுவுல?"ன்னு எழுந்து, "டீ போடு தங்கச்சி"ன்னு சமையக்கட்டுப் பக்கம் போயிட்டாரு.

ஆயிஷா அவ பேர ஒத்தை விரலால டைப் பண்ணா, பஞ்சிங்ல மின்னலாட்டம் ஓடற அதே கை. அவ போனுக்கு ஓடிபி வந்துச்சு, சத்தமா படிச்சிக்கிட்டே போட்டா. கடைசியா மெஷின அணைச்சுப் போடச் சொன்னேன்.

கறுப்புத் திரை வரல, லிஸ்ட் வரல, எந்தப் பக்கம் போவணும்னு எதுவும் கேக்கல. நேரா, மாமா பேரு இருந்த எடத்துல ஆயிஷா பர்வீன்னு பேரு மட்டும் நடுத் திரையில வந்து நின்னுச்சு.

"அக்கா, இன்னொரு வாட்டி அணைச்சிட்டுப் போடட்டுமா?"

"எதுக்கு கண்ணு? நல்லாத்தான் வந்துச்சே."

"சும்மாக்கா. பாக்கறதுக்கு."